பதினோரு சிவப்புப் புள்ளிகள்

வாசுதேவன் பூதக்கண்ணாடியை எடுத்துவிட்டு வெறும் கண்ணால் பார்த்தார். புள்ளிகள் போகவில்லை. மறுபடியும் கண்ணாடியை வைத்து எண்ணினார். பதினொன்று.

மெசோரி என்ற கிராமத்தில் ஆரம்பித்து, கடலோரத்தில் இருக்கும் வூனி என்ற கிராமம்வரை அவை வரிசையாகப் போயின. அந்த வரைபடத்தில் சிவப்புப் புள்ளி என்றால் நடைபாதை. மெசோரிக்கும் வூனிக்கும் நடுவே பாதை கிடையாது. நூற்றைம்பது மீட்டர் ஆழத்துக்கு ஒரு பள்ளம்தான் இருந்தது.

பின்னாளில் இதைச் சொல்லும்போதெல்லாம் அவர் பன்னிரண்டு புள்ளிகள் என்பார். அவர் மனைவி வைதேகி பதினொன்று என்பாள். இப்போது கேட்டுத் தெரிந்துகொள்ள இருவருமே இல்லை. வரைபடம் இருக்கிறது. பதினொன்றுதான்.

1971, மே மாதம். மியூனிக்கில் ஒரு பல்கலைக்கழகத்தின் நில அளவைத் துறையில் வாசுதேவன் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். பேராசிரியர் ஓபர்மயருக்கு நடப்பதில் பைத்தியம். துறையின் கேமரா அறையில் தொங்கிய ஒரு காலண்டர் படத்தைப் பார்த்து, அதிலிருந்த கிரேக்கத் தீவின்மேல் அவருக்கு ஆசை வந்துவிட்டது. மூன்று கோடைகள் அங்கே போய், கிராமத்துக்குக் கிராமம் கழுதைகள் நடந்த வழிகளையெல்லாம் தாமும் நடந்து குறித்துக்கொண்டு வந்தார். அதை வரைபடமாக வரைந்தவர் வாசுதேவன்.

பேராசிரியருக்கு ஒரே ஒரு விதிதான்: தாம் நடக்காத வழி வரைபடத்தில் வரக்கூடாது. வூனியை அவர் மலை உச்சியிலிருந்து பைனாகுலரில் பார்த்ததோடு சரி. "அங்கே ஆடுகூட இறங்காது. படகில் மட்டும்தான்" என்று எழுதிக் கொடுத்திருந்தார்.

சனிக்கிழமை, அச்சு மை காயாத வரைபடங்களோடு, நடைக் கழகத்தின் பதின்மூன்று உறுப்பினர்களைக் கூட்டிக்கொண்டு அவர் ரயிலேறிவிட்டார். பதின்மூன்று பேரில் இளையவருக்கு ஐம்பத்திரண்டு வயது. துறையின் அறிவிப்புப் பலகையில் பயணத் திட்டம் ஒட்டியிருந்தது. வெள்ளிக்கிழமைக்கு எதிரே, "மெசோரியிலிருந்து வரைபடத்தைப் பார்த்து நடை" என்றிருந்தது.

தமக்குத் தெரியாத ஒரு பாதை தம் வரைபடத்தில் இருந்தால், ஓபர்மயர் அதைச் சந்தேகப்பட்டு விட்டுவிடுகிற ஆள் அல்ல. இறங்கிப் பார்க்கிற ஆள்.

இன்று திங்கள்.

*

"எத்தனை சொட்டு விழுந்தது?" என்று கேட்டாள் வைதேகி.

"மூணோ நாலோ பார்த்தேன். உடனே துடைச்சுட்டேன்."

"எதால?"

"கைக்குட்டையால."

"அந்தக் கைக்குட்டையை மூணு வாரமா தோய்ச்சுண்டிருக்கேன். இன்னும் கறை போகலை. உங்க ஷீட்ல மட்டும் போயிடுமா?"

மூன்று வாரத்துக்கு முன், பாதைகளை மட்டும் வரைந்த பிளாஸ்டிக் தாளை, அடியில் விளக்கெரியும் ஒளிமேசைமேல் விரித்து வைத்துக்கொண்டே, வாசுதேவன் தயிர்சாதம் சாப்பிட்டிருந்தார். தொட்டுக்கொள்ள வைதேகியின் அம்மா மன்னார்குடியிலிருந்து அனுப்பிய மாங்காய்த் தொக்கு. நல்லெண்ணெய் மிதக்கும் தொக்கு. நாலு மணிக்குத் தாள் கேமரா அறைக்குப் போயிற்று. அங்கே பயன்படுத்திய பிலிமுக்குச் சிவப்பு என்று ஒரு நிறமே தெரியாது. சிவப்பைக் கறுப்பாகத்தான் எடுக்கும். கறுப்பாக இருப்பதெல்லாம் அச்சில் பாதை. அச்சுக்கு முன் சரிபார்க்கச் சொன்னபோது வாசுதேவன் ஊர்ப் பெயர்களை எழுத்தெழுத்தாகப் பார்த்தார். புள்ளிகளைப் பார்க்கவில்லை.

"டிபன் பாக்ஸ் மூடி லூஸுன்னு நீ சொல்லியிருக்கலாமே?"

"அந்த மேசையில சாப்பிடக்கூடாதுன்னு போர்டு மாட்டியிருக்குன்னு நீங்கதானே சொன்னேள்?"

வாசுதேவன் பூதக்கண்ணாடியை நகர்த்தினார். சம உயரக் கோடுகள் தலைமயிர்போல் நெருங்கியிருந்த இடத்தில் ஆறாவது புள்ளி உட்கார்ந்திருந்தது. அதற்கு மேலேதான் நடைக் கழகத்தின் எழுபது வயது ஃபிராவ் கெல்லர் கைத்தடியுடன் நிற்கப்போகிறாள்.

"விழுந்துட்டா?" என்றாள் வைதேகி மெதுவாக.

"அவா விழுந்தா நான் ஜெயிலுக்குப் போவேன். விழாட்டா ஊருக்குப் போவேன். டாக்டர் பட்டம் ரெண்டுலயும் கிடையாது."

"ஊருக்குப் போனா அம்மாகிட்ட என்னன்னு சொல்றது? தொக்குல எண்ணெய் ஜாஸ்தின்னா?"

*

செவ்வாய் காலை அச்சகத்துக்குப் போன் செய்தார். மீதி வரைபடங்களை முதல்நாளே நடைக் கழகத்தின் நானூறு உறுப்பினர்களுக்குத் தபாலில் அனுப்பிவிட்டதாகப் பெருமையோடு சொன்னார்கள்.

அறிவிப்புப் பலகையில் தொங்கிய பிரதியிலாவது புள்ளிகளை எடுத்துவிடலாம் என்று பிளேடால் சுரண்டினார். முதல் புள்ளி போயிற்று. கூடவே மெசோரியும் போயிற்று.

"ஹெர் வாசுதேவன்," என்றாள் பின்னால் நின்ற காரியதரிசி ஃபிராவ் லிண்ட்னர், "ஒரு கிராமத்தையே காணோமே?"

"பூச்சி" என்றார் வாசுதேவன்.

"பிளேடு வைத்திருக்கும் பூச்சியா?"

அவர் அங்கிருந்து நேராகக் கேமரா அறைக்குப் போனார். அங்கே வேலை செய்த மனோலிஸ் கிரேக்கன். கிரேக்கத்தில் எந்தப் பக்கம் என்று துறையில் யாரும் கேட்டதில்லை. வாசுதேவனையும் எல்லோரும் கல்கத்தாக்காரர் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். மனோலிஸ் மட்டும் அவரை இப்போதே 'டாக்டர்' என்று கூப்பிடுவான்.

"மனோலிஸ், கிரேக்க பாஷையில் ஒரு தந்தி எழுதிக் கொடுக்கணும். அவசரம்."

"யாருக்கு, டாக்டர்?"

"அந்தத் தீவு போஸ்ட் ஆபீஸுக்கு. மெசோரியிலிருந்து வூனிக்குப் பாதை கிடையாது, ஜெர்மன்காரங்களை அந்தப் பக்கம் விடாதீங்கன்னு."

மனோலிஸ் கையிலிருந்த இடுக்கியைக் கீழே வைத்தான். "பாதை கிடையாதா?"

"கிடையாது."

"நீங்க போய்ப் பார்த்தீங்களா?"

"விமானத்திலிருந்து எடுத்த போட்டோவில் இல்லை. பேராசிரியரும் இல்லைன்னு சொல்லிட்டார்."

"அவர் சொல்லிட்டாரா? சரிதான்." மனோலிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "எனக்கு எழுத வராது, டாக்டர்."

"நேத்து சாயங்காலம்கூட லெட்டர் எழுதிண்டிருந்தியே?"

"அது அம்மாவுக்கு. கதவைச் சாத்திட்டுப் போங்க, பிலிம் கெட்டுடும்."

கிரேக்கத்தில் அப்போது ராணுவ ஆட்சி. தந்தி என்றால் பயப்படுகிறான் போலிருக்கிறது என்று வாசுதேவன் நினைத்துக்கொண்டார்.

மியூனிக் ரயில் நிலையத்தில் எந்நேரமும் நாலு கிரேக்கர்கள் நின்றுகொண்டிருப்பார்கள். மீசைக்காரர் ஒருவரைப் பிடித்தார்.

"எத்தனை ஜெர்மன்காரங்க?" என்று கேட்டார் மீசைக்காரர்.

"பதினாலு."

"மேப் தப்பா?"

"ரொம்பத் தப்பு."

"செத்துப்போவாங்களா?"

"போகக்கூடாதுன்னுதான் தந்தி!"

மீசைக்காரரின் கண் கலங்கியது. தந்திப் படிவத்தின்மேல் குனிந்து அழுத்தி அழுத்தி எழுதினார். "போஸ்ட் ஆபீஸுக்கு வேணாம் தம்பி, அவன் ஒரு வாரம் வச்சிருப்பான். போலீஸுக்குப் போட்டா ஒரு மணி நேரம்."

எவ்வளவு நல்ல மனுஷன் என்று வாசுதேவன் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு வந்தார். என்ன எழுதினார் என்று கேட்கத் தோன்றவில்லை.

*

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு ஃபிராவ் லிண்ட்னர் தந்தியோடு வந்தாள். வாசுதேவன் பேனாவை மூடி வைத்தார்.

"எத்தனை பேர்?" என்று மட்டும் கேட்டார்.

"பதினாலு பேரும்" என்றாள் அவள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"பதினாலு பேரும் மெசோரிப் பள்ளிக்கூடத்தில் போலீஸ் காவலில் இருக்கிறார்கள். 'பொய் வரைபடங்களுடன் பதினான்கு ஜெர்மானியர் வருகிறார்கள், தடுக்கவும்' என்று மியூனிக்கிலிருந்து யாரோ தந்தி கொடுத்திருக்கிறார்களாம். யாரென்று கண்டுபிடிக்கச் சொல்கிறார் பேராசிரியர்."

அன்று வாசுதேவன் வீட்டுக்குப் போய் இரண்டு தடவை சாப்பிட்டார்.

"காவல்ல இருக்கறவா பள்ளத்துல விழமாட்டா" என்றாள் வைதேகி.

"அதுக்காக ஃபிராவ் கெல்லரைப் பள்ளிக்கூட பெஞ்சுல படுக்க வைக்கறதா? என்னால தாங்க முடியலை. விளக்கிச் சொல்லி ஒரு தந்தி குடுத்துடறேன்."

"வேண்டாம்னா. முதல் தந்தி குடுத்தப்பவும் இதே முகம்தான் வச்சுண்டிருந்தேள்."

கேட்கவில்லை. இந்தத் தடவை யாரையும் நம்பாமல் தாமே ஜெர்மனில் எழுதினார். "வரைபடங்கள் உண்மையானவை. சிவப்புப் புள்ளிகளை மட்டும் நம்பவேண்டாம். வாசுதேவன்."

பதில் சனிக்கிழமை மாலை துறைக்கு வந்தது. ஃபிராவ் லிண்ட்னர் அதை உரக்கப் படித்தாள்.

"'சிவப்புப் புள்ளிகள் என்பது ரகசியச் சங்கேதமா என்று விசாரிக்கிறார்கள். பென்சில்களையும் பிடுங்கிக்கொண்டார்கள். வாசுதேவனைத் தந்தி ஆபீஸ் பக்கம் விடவேண்டாம். ஓபர்மயர்.'"

ஞாயிற்றுக்கிழமை இன்னொரு தந்தி வாசுதேவனின் வீட்டுக்கே வந்தது. "விடுதலை. புள்ளிகளை எதற்காக நம்பக்கூடாது என்று நேரில் பார்க்க நாளை வூனிக்கு இறங்குகிறோம்."

வாசுதேவன் கோட்டை எடுத்தார். வைதேகி போய்க் கதவில் சாய்ந்து நின்றுகொண்டாள்.

"எங்கே?"

"எங்கேயுமில்லை" என்று கோட்டை மாட்டிவிட்டு உட்கார்ந்தார். மூன்றாவது தந்தி கொடுத்தால் அவர்களை மறுபடி பிடிப்பார்கள். கொடுக்காவிட்டால் அவர்கள் இறங்குவார்கள். பிடித்தாலும் இறங்கத்தான் போகிறார் ஓபர்மயர். வேறு நாளில்.

திங்கள், செவ்வாய், புதன். ஒரு சொல்லும் வரவில்லை. தொக்கு பாட்டிலை வைதேகி அலமாரியின் பின்னால் தள்ளி வைத்துவிட்டாள். வாசுதேவன் நீல ஏர்மெயில் தாளில் அப்பாவுக்கு நாலு வரி எழுதி, அதைக் கிழித்துப் போட்டு, மறுபடி எழுதினார்.

*

வியாழக்கிழமை காலை, பயணத் திட்டப்படி அவர்கள் திரும்பவேண்டிய ஏதென்ஸ் ரயில் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தது. நடைமேடையில் ஒரே கூட்டம். ஊரிலிருந்து ரயில் வருகிறதென்றால் மியூனிக்கிலிருக்கும் கிரேக்கர்களில் பாதிப்பேர் ஏதாவது பொட்டலம் வருமென்று வந்துவிடுவார்கள். தூணோரம் மனோலிஸும் நின்றான். அவன் ஊருக்குப் போய் ஆறு வருஷம்.

வாசுதேவன் இறங்கும் தலைகளை எண்ணினார். ஃபிராவ் கெல்லர் தன் கைத்தடியுடன் இறங்கினாள். பத்து, பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று.

கதவில் வேறு யாரும் இல்லை.

"பதிமூணுதான்" என்றார். பக்கத்தில் நின்ற வைதேகி எட்டிப் பார்த்தாள்.

"சரியா எண்ணுங்கோ."

"ரெண்டு தடவை எண்ணிட்டேன் வைதேகி. பதிமூணுதான்."

அப்போது ஜன்னல் வழியாக ஒரு முதுகுப்பை வந்து பிளாட்பாரத்தில் விழுந்தது. இன்னொன்று. கடைசியில், வெயிலில் மூக்குத் தோல் உரிந்த ஓபர்மயர், கையில் ஒரு துணி மூட்டையுடன் இறங்கி நேராக வாசுதேவனிடம் வந்தார்.

"அந்தப் புள்ளிகள் என் தவறு" என்றார் வாசுதேவன் அவர் வாயைத் திறப்பதற்குள். "ஒளிமேசையில் சாப்பிட்டேன். அது மாங்காய்த் தொக்கு. மாமியார் செய்தது. எண்ணெய் சொட்டிவிட்டது. நான் இன்றைக்கே ராஜினாமா..."

"என்ன தொக்கு?"

விளக்கினார். பேராசிரியர் சட்டைப்பையிலிருந்து வரைபடத்தை எடுத்து விரித்து, மெசோரிக்குப் பக்கத்தில் மூக்கை வைத்து முகர்ந்து பார்த்தார்.

"ஹெர் வாசுதேவன், அந்த வழியில் நாங்கள் இறங்கினோம்."

"ஐயோ."

"கல் பாவிய பாதை. படிகள். பாதி வழியில் நல்ல தண்ணீர்க் கிணறு. பாறை மடிப்புக்குள்ளேயே போகிறது. விமானத்திலிருந்தும் தெரியாது, பைனாகுலரிலும் தெரியாது. மொத்தம் பதினோரு திருப்பங்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் உங்கள் மாமியாரின் மாங்காய் ஒரு புள்ளி வைத்திருக்கிறது."

பேராசிரியர் சொன்னதை வாசுதேவன் வைதேகிக்குத் தமிழில் சொன்னார்.

"எங்கம்மா கைராசியை நீங்கதான் ஒத்துண்டதே இல்லை" என்றாள் அவள்.

"இன்னொன்று" என்றார் பேராசிரியர். "வூனியில் ஒரு கிழவி எங்களைப் பிடித்துத் திட்டு திட்டென்று திட்டினாள். வெள்ளிக்கிழமையே பதினாலு பேருக்குச் சமைத்து வைத்திருந்தாளாம். விரல்விட்டு எண்ணிக் காட்டினாள். நாங்கள் வெள்ளிக்கிழமை வருவோம், பதினாலு பேர் வருவோம் என்று அவளுக்கு யார் சொன்னது? அதுவும் ஊறுகாயா? போகும்போது இந்த மூட்டையைக் கையில் திணித்து ஏதோ சொன்னாள். யாருக்கென்று எனக்குப் புரியவில்லை."

தூணோரத்திலிருந்து மனோலிஸ் வந்தான். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பேராசிரியரின் கையிலிருந்து மூட்டையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

"உங்க ஊறுகாயை நான் அன்னைக்கே ஸ்பிரிட் போட்டுத் துடைச்சுட்டேன், டாக்டர். அந்தப் பதினோரு புள்ளியும் நான் வச்சது. எங்க அம்மா வீட்டுக்கு அதுதான் வழி."