மதுரைப் பூச்சி

துளசிராம் மூச்சு விட்டதில் துரையின் பூச்சி காணாமல் போயிற்று.

"அசையாத," என்றார் மனைவியிடம். "உன் சேலையிலதான் விழுந்திருக்கும்."

ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சியான கனகலட்சுமி, கையில் முறத்தோடு அப்படியே நின்றாள். சேலையில் இல்லை. பாயை உதறினார்கள், முறத்திலிருந்த அரிசியைப் புடைத்தார்கள். அரிசியில் பூச்சி இருந்தது. துரையின் பூச்சி இல்லை.

அது உயிருள்ள பூச்சி அல்ல. அரிசிமணியைவிடச் சின்னக் கொக்கியில் சேவல் இறகைச் சுற்றிப் பட்டு நூலால் கட்டியது. தண்ணீரில் மிதக்கும், கொசு என்று நம்பி மீன் கவ்வும். கொடைக்கானல் ஓடையில் டிரவுட் மீன் பிடிக்க, ஆபீஸின் வெள்ளைக்காரத் துரை அதைச் சீமையிலிருந்து தருவிப்பார். யுத்தம் வந்து பார்சல் நின்றதும், மிச்சமிருந்த ஒரே பூச்சியையும் வெறும் கொக்கிகள் கொஞ்சத்தையும் மாத்திரை டப்பாவில் போட்டு, குமாஸ்தா துளசிராமிடம் நீட்டினார்.

"நீங்கள் நெசவுக்காரர்கள். நூல் வேலை ரத்தத்திலேயே ஊறியிருக்குமே?"

"ஆமாம், ஸார்," என்று சொல்லிவிட்டார் துளசிராம்.

சௌராஷ்டிர வீட்டுப் பிள்ளைதான். ஆனால் இவன் விரல் பட்டாலே இழை அறுகிறது என்று தகப்பனார் தறியிலிருந்து விரட்டித்தான் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். சட்டைப் பொத்தான் தைக்க ஊசி கோத்துக் கொடுப்பது இன்றைக்கும் கனகலட்சுமிதான்.

ஆமாம் என்றதற்குக் காரணம் இருந்தது. முதுகுளத்தூருக்கு மாற்றல் உத்தரவு வந்திருந்தது. கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து முதல் பிரசவம். அந்த நேரத்தில் அவர் அங்கே, அவள் இங்கே. "உன் பூச்சியில் ஒரு மீன் விழட்டும், மாற்றலை நிறுத்துகிறேன்," என்றிருந்தார் துரை.

மாதிரி தொலைந்துபோனதால் இனி ஞாபகத்திலிருந்துதான் கட்டவேண்டும். இறகுக்காக எதிர்வீட்டு விருமாண்டியிடம் போனார்.

"கழுத்து இறகு நாலு போதும், விருமாண்டி."

"சண்டைச் சேவல்ணே இது. வர்ற ஞாயித்துக்கிழமை களத்துல இறங்கணும். கழுத்து மொட்டையா நின்னா எதிராளி சேவலே சிரிக்கும்."

"துரை கேக்குறார்ப்பா."

"அப்ப துரையவே வந்து பிடுங்கச் சொல்லுங்க. கண்ணு பத்திரம்னும் சொல்லிருங்க."

கூடைக்கடியில் உதிர்ந்து கிடந்த பழைய இறகுதான் கிடைத்தது. அதைச் சுற்றிக் கட்டினால், நனைந்த மீசை மாதிரி தொங்கியது. பாவுக்குக் கஞ்சி போட்டால் இழை விறைக்குமே என்று, தறியடியில் பார்த்தது ஞாபகம் வந்தது. சோற்றுக் கஞ்சியில் தோய்த்தார். இறகுகள் சிலிர்த்து நின்றன. மாடத்தில் காயவைத்துவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஆபீசுக்குப் போனார்.

சாயங்காலம் கனகலட்சுமி சுவரைக் காட்டினாள்.

எறும்புச் சாரை. நடுவே அவர் கட்டிய பூச்சிகள், சித்திரைத் தேர் மாதிரி ஆடி ஆடிப் போய்க்கொண்டிருந்தன. கடைசிப் பூச்சி பொந்து வாசலில் கொஞ்சம் சிக்கியது. நாலு எறும்பு கூடிவந்து அதையும் உள்ளே இழுத்துக்கொண்டன.

துளசிராம் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"எதுக்கு இம்புட்டு விசாரம்?" என்றாள் அவள். "எறும்பே நெசப் பூச்சின்னு நம்பி இழுத்துட்டுப் போயிருக்கு. மீனு நம்பாதா?"

"எறும்பு மாற்றலை நிறுத்தாதுடி."

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிக்கக்கூடாது என்று நினைத்தபடியே அவரும் சிரித்தார். பிறகு அவளுடைய வீங்கிய பாதத்தை மடியில் எடுத்துவைத்துப் பிடித்துவிட்டார்.

டப்பாவில் மூன்று கொக்கி மிச்சம் இருந்தது. இந்தத் தடவை எறும்பும் வரக்கூடாது, தண்ணீரும் ஏறக்கூடாது என்று தேன்மெழுகை உருக்கி, கட்டிய பூச்சியை அதில் முக்கி எடுத்தார். மெழுகு உறைந்ததும் பூச்சி மறைந்து மிளகு தெரிந்தது. ஆக, மூன்று மிளகு.

கனகலட்சுமி அவற்றை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"லட்சணமா இருக்கு," என்றாள். "மீன் கட்டாயம் விழும். நீங்க நிம்மதியாச் சாப்பிடுங்க."

மலைக்குக் கிளம்புமுன் துரை டப்பாவைத் திறந்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இது என்ன பூச்சி?"

"மதுரைப் பூச்சி, ஸார்."

அடுத்த வாரம் முழுக்கத் துளசிராமுக்குச் சோறு இறங்கவில்லை. திங்கட்கிழமை துரை வந்தார். வந்தவர் ஆபீஸ் முழுக்கப் பார்த்திருக்க, துளசிராமின் கையைப் பிடித்துக் குலுக்கினார். மூன்று பூச்சிக்கு மூன்று மீன். சீமைப் பூச்சியில்கூட இப்படி விழுந்ததில்லையாம். மாற்றல் உத்தரவு நாலாகக் கிழிந்து கூடைக்குப் போயிற்று.

துளசிராம் தரையில் கால் பாவாமல் வராந்தாவுக்கு வந்தார். துரையோடு மலைக்குப் போய்வந்த பட்லர் உக்கிரபாண்டி, கம்பளியைப் போர்த்திக்கொண்டு தும்மிக்கொண்டிருந்தான்.

"கேட்டியா, உக்கிரபாண்டி? ஆயிரம் இருந்தாலும் பரம்பரைக் கை," என்றார் துளசிராம். "அது கெடக்கட்டும், உனக்கு என்ன, மலைக்குளிரு ஒத்துக்கலையா?"

"குளிரு என்னண்ணே செய்யும்," என்றான் உக்கிரபாண்டி, மூக்கைத் துடைத்துக்கொண்டு. "மூடுபனியில பாறைக்குப் பின்னால கழுத்தளவு தண்ணியில நின்னு, மண்புழு வச்சு நான் பிடிச்ச மீனை ஒவ்வொண்ணா உங்க கொக்கியில மாட்டிவிட்டா, தும்மாம என்ன செய்ய? வயித்துப் பிள்ளையோட வைகையைத் தாண்டி நடந்தே வந்து உங்க வீட்டம்மா கேக்குறாக, மாட்டேன்னா சொல்ல முடியும்?"