மூன்று கறுப்புக் கட்டங்கள்

"தாத்தா எதுல போனாருன்னு சொல்லுங்க அத்தை. டாக்டரம்மா கேக்கறாங்க."

ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்த அத்தை நிமிரவில்லை. "போனவரைப் பத்தி இப்ப என்னடா பேச்சு? போனார். அவ்வளவுதான்."

கேட்டவன் லிஃப்ட் மெக்கானிக். கம்பெனியில் வருஷாவருஷம் செய்யும் பரிசோதனையில் அவன் இதயத்துடிப்புக் கோட்டில் ஒரு கோணல் தெரிந்திருந்தது. பரம்பரைக் கோளாறாக இருந்தால் ஓடுகிற இதயம் திடீரென்று நின்றுவிடுமாம். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பரம்பரை நோய் பார்க்கும் டாக்டரம்மா குடும்ப மரம் ஒன்று வரைந்து வரச் சொன்னார். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம். செத்தவர் மேல் ஒரு குறுக்குக் கோடு. இதயத்தால் செத்தவர் என்றால் உள்ளே கறுப்பாக நிரப்ப வேண்டும். கட்டங்கள் வெள்ளையாக இருந்தால் மாத்திரையோடு போகும். கறுத்தால் நெஞ்சைக் கீறி உள்ளே ஒரு கருவி வைக்க வேண்டும்.

அப்பா வழியில் கேட்பதற்கு மிச்சமிருந்தது இந்த அத்தை ஒருத்திதான்.

"எனக்கு நாப்பத்தியொண்ணு முடியப்போகுது அத்தை. என் நெஞ்சை அறுக்கறதா வேணாமாங்கறது உங்க வாயிலதான் இருக்கு."

அத்தை நூலைப் பல்லால் கடித்துத் துப்பினாள். சுவரைப் பார்த்தாள். மருமகனைப் பார்த்தாள். மறுபடி சுவரையே பார்த்தாள்.

"மாரடைப்பு," என்றாள் கடைசியில். "பிளேடு வாங்கிட்டு வரேன்னு கடைக்குப் போனார். போன இடத்துலயே முடிஞ்சு போச்சு. அப்ப நாப்பத்திரண்டு இருக்கும்."

ஒரு கட்டம் கறுத்தது.

ஒருத்தரோடு நின்றால் தற்செயல் என்று தள்ளிவிடலாம் என டாக்டரம்மாவே சொல்லியிருந்தார். அந்தத் தைரியத்தில் பெரியப்பாவையும் சித்தப்பாவையும் பற்றிக் கேட்டான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். பெரியப்பா பைண்டிங் வேலையாக வெளியூர் போனவர், குடியிருந்த வீட்டு மாடிப்படி ஏறும்போது மாரடைப்பாம். சித்தப்பா யாரையோ ரயிலேற்றிவிடப் போனவர், பிளாட்பாரத்திலேயே மாரடைப்பாம். இரண்டு பேருக்கும் ஏறக்குறைய அதே வயசு. ஒருவர் உடம்பும் வீடு வந்து சேரவில்லை.

"அப்பா மட்டும் எப்படி அத்தை எழுபது வரைக்கும் இருந்தார்?"

"உங்கப்பனுக்குத்தான் சின்ன வயசுலயே கால் விளங்காம போச்சே," என்றாள் அத்தை.

கேட்டதற்கும் சொன்னதற்கும் என்ன சம்பந்தம் என்று அவனுக்கு விளங்கவில்லை. டாக்டரம்மாவுக்கு உடனே விளங்கியது. படத்தைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். மூன்று பேருமே வீட்டுக்கு வெளியே, நடமாட்டத்தின்போது. வீட்டோடு கிடந்தவர் ஒருவர்தான் தப்பியிருக்கிறார். இவ்வளவு சுத்தமான பரம்பரையைத் தன் அனுபவத்தில் கண்டதில்லை என்றார்.

பிறகு கூட வந்திருந்த மனைவியின் பக்கம் திரும்பினார். "இவங்க குடும்பத்து ஆம்பளைங்களுக்கு இந்த வயசுல வெளிய கிளம்பறதே ஆபத்தும்மா. தனியா விடாதீங்க."

மனைவி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். வேலைக்கு லீவு போட்டாள், தெருக்கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். குளியலறைக்குத் தாழ்ப்பாள் கூடாது என்றாள். அவன் கண்ணயர்ந்தால் மூக்கடியில் விரல் வைத்துப் பார்த்தாள். விரல் பட்டதும் அவன் பதறி எழுவான். துடிப்பைப் பதிய ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஒட்டி அனுப்பியிருந்த கருவி அந்தப் பதற்றத்தையெல்லாம் ஒன்றுவிடாமல் பதிந்துகொண்டது. அதைப் படித்துப் பார்த்த டாக்டரம்மா, இனித் தள்ளிப்போட முடியாது, நாளைக்கே ஆபரேஷன் என்று போனில் சொல்லிவிட்டார்.

"ஒரே ஒரு வழி இருக்கு," என்றார் போனை வைப்பதற்குமுன். மூன்று பேரில் யாராவது ஒருவரைச் சோதித்த ஆஸ்பத்திரிக் காகிதம் கிடைத்தால், இது வேறு வகை மாரடைப்பு என்று தெரியவந்தால், கத்தியைக் கீழே வைத்துவிடலாமாம்.

அத்தைக்குப் போன் போட்டான். காகிதமும் கிடையாது, கத்தரிக்காயும் கிடையாது என்றாள் அவள். "கிளறாதேடா. ஆபரேஷன் பண்ணிக்கிட்டு வீட்டோட இரு. உனக்குப் புண்ணியமாப் போகும்."

அவன் கிளறினான். பெரியப்பா வேலை பார்த்த பைண்டிங் கடையைப் போனிலேயே தேடிப் பிடித்தான். கிழட்டு முதலாளி இருமிக்கொண்டே, அவர் கடைசியாகக் குடிபோன வீட்டுப் போன் நம்பர் ஒன்று இருக்கிறது, இப்போதும் அதேதானா தெரியாது என்றார். அந்த வீட்டுக்காரர்களுக்கு, எந்த ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள் என்றாவது நினைவிருக்காதா?

அந்த நம்பரைப் போட்டான். மணி அடித்தது. இருவருக்கும் கேட்கும்படி போனை நடுவில் வைத்தான். மனைவி ஒரு கையால் அவன் நெஞ்சைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அவள் உதடு ஏதோ வேண்டிக்கொண்டிருந்தது.

ஒரு வயசான பெண்குரல் எடுத்தது. பின்னால் பாத்திரம் உருளும் சத்தம்.

எடுத்த எடுப்பில் சாவைப் பற்றிக் கேட்பது மரியாதையில்லை என்று அவன் சுற்றி வளைத்தான். அங்கே பைண்டிங் வேலைக்காரர் ஒருவர் குடிவந்தாரே, நெட்டையாக, இடது புருவத்தில் தழும்போடு, அவர் விஷயமாகக் கொஞ்சம் பேச வேண்டும்.

"அவரா? குளிச்சிட்டிருக்காருங்க," என்றாள் அந்த அம்மாள். "யார் பேசினாங்கன்னு சொல்லட்டும்?"