தனுஷ்கோடி சாரின் நடுநிலை

நடுநிலையாளர் என்றொரு இனம் நம்மிடையே நடமாடுகிறது. உங்களுக்குத் தெரியாதவர்களல்ல. தெருவில் இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, நடுவில் போய் விலக்காமல், ஓடியும் போகாமல், சரியாகக் கைக்கெட்டாத தூரத்தில் நின்றுகொண்டு, "ரெண்டு பேர் பேச்சுலயும் ஒரு இது இருக்கு" என்பாரே, அவரேதான். அந்த 'இது' எது? அதை மட்டும் சொல்லமாட்டார்.

இந்த இனத்தின் திலகம் தனுஷ்கோடி சார். எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் குடியிருந்துகொண்டு, தினமும் பஸ் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூர் போய், அங்கே ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்தினார். தேர்தல் வந்தால் இரண்டு கட்சிக்காரர்களும் அவரைத் தங்கள் ஆள் என்று நம்பி, அவர் வீட்டுச் சுவரில் ஆளுக்குப் பாதியாகச் சின்னம் வரைந்துவிட்டுப் போவார்கள். சார் இரண்டு தரப்புக்கும் மோர் கொடுப்பார். பஸ்ஸில் ஜன்னலைத் திற என்பவருக்கும் மூடு என்பவருக்கும் தகராறு வந்தால், எழுந்துபோய்ப் பாதி திறந்துவைப்பார். ஒருவருக்குக் காற்று வராது. மற்றவருக்குத் தூசி நிற்காது. வீட்டில் மனைவி வெள்ளத்தாய் குழம்பை ஊற்றிவிட்டு, "உப்பு காணுமா, பத்தலையா?" என்று கேட்டால், "காணும்னும் சொல்லலாம்" என்பார்.

"இத நான் பூனைகிட்ட கேட்டுருக்கலாம்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போவாள் அந்த அம்மாள்.

வகுப்பறைக்குள் மட்டும் அவர் வேறு ஆள். "அமிலமும் காரமும் சேந்தா உப்பு. ஆனா உப்புன்னாலே நடுநிலைன்னு நெனச்சுராதீக. சேந்ததுல யாரு பலசாலின்னு பாக்கணும். ரெண்டும் பலசாலியா? சோத்துல போடுற உப்பு மாதிரி, நடுநிலை. காரம் பலம், அமிலம் நோஞ்சானா? சலவைச் சோடா, அதோட கரைசல் காரம். அமிலம் பலம், காரம் நோஞ்சானா? அம்மோனியம் குளோரைடு, கரைசல் அமிலம். இதுல பேச்சே கெடையாது" என்று மேசையைத் தட்டுவார். உப்புகள் திரும்ப வந்து, எங்களைப் பற்றி எப்படி அப்படிச் சொல்லலாம் என்று சண்டைக்கு நிற்காதல்லவா?

ஒரு சனிக்கிழமை பள்ளியில் வினாடிவினா நடந்தது. விருதுநகரில் நடக்கிற மாவட்டப் போட்டிக்கு ஒரு பிள்ளையை அனுப்பவேண்டும். கேள்வி கேட்டவர் தலைமையாசிரியர் சேதுபதி. அவர் வரலாற்றுக்காரர், அதனால் கையில் ஒரு கைடு. கடைசியில் இரண்டு பேர் சமமாக நின்றார்கள். ஒருத்தி செல்லக்கனி, அவள் அப்பா பேண்டேஜ் துணி நெய்கிற தறியில் வேலை பார்ப்பவர். மற்றவன் வைகுண்டராஜ், அவன் அப்பா ஜவுளிக்கடை முதலாளி, பள்ளிக் கமிட்டியில் இருப்பவர், முன்வரிசையிலேயே உட்கார்ந்திருந்தார். கடைசிக் கேள்வி, அம்மோனியம் குளோரைடு கரைசலின் தன்மை என்ன?

"அமிலம்" என்றாள் செல்லக்கனி. "நடுநிலை" என்றான் பையன்.

தலைமையாசிரியர் கைடைப் பார்த்தார். அதில் நடுநிலை என்று அச்சாகியிருந்தது. பையனுக்குக் கைதட்டல் கிளம்பும்போதே, புதிதாக வேலைக்கு வந்திருந்த வேதியியல் டீச்சர் கிருபாபாய் எழுந்துவிட்டார். "ஐயா, கைடுல தப்பா போட்டுருக்கான். அந்தப் பிள்ள சொன்னதுதான் சரி."

சேதுபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தனுஷ்கோடி சாரைப் பார்த்தார். முதலாளியும் பார்த்தார். கிருபாபாயும் பார்த்தார். செல்லக்கனி பார்த்த பார்வை தனி. அந்த விடையை அவளுக்கு மேசையைத் தட்டிச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தானே?

சார் எழுந்தார். வேட்டியைச் சரிசெய்தார். "கைடுல போட்டுருக்காம்னா அதுக்கும் ஒரு காரணம் இருக்கும். டீச்சர் சொல்றதுலயும் ஒரு இது இருக்கு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

பையனை அனுப்புவதென்று முடிவாயிற்று. செல்லக்கனி அழவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, சாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சார் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று திரும்புகிற பஸ்ஸில், யார் மனமும் நோகாமல் சமாளித்துவிட்டோம் என்று தனக்குத்தானே சொல்லிப்பார்த்தார். ஏனோ அது வாய்க்குள்ளேயே கிடந்தது, இறங்கவில்லை.

திங்கட்கிழமை கிருபாபாய் ஒரு பீக்கரும், அந்த உப்பும், நீல லிட்மஸ் தாளுமாகத் தலைமையாசிரியர் அறைக்குள் நுழைந்தார். தனுஷ்கோடி சாரையும் கூப்பிட்டனுப்பினார்கள். டீச்சர் வெறும் தண்ணீரில் ஒரு தாளை முக்கினார்; நீலமாகவே இருந்தது. உப்பைக் கரைத்து இன்னொரு தாளை முக்கினார். அமிலத்தில் முக்கியதுபோலச் சிவந்தது.

"என்ன சார் நிறம் இது?" என்றார் சேதுபதி.

"சிவப்புன்னுதான் தோணுது" என்றார் சார்.

"தோணுதா?"

"சிவப்புதான் சார்."

"சனிக்கிழமையே உங்களுக்குத் தெரியுமா?"

சார் பீக்கரைப் பார்த்தார். தப்பிக்கப் பாதி திறந்த ஜன்னல் எதுவும் அங்கே இல்லை. "தெரியும்" என்றார்.

சேதுபதி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சாருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "நான் சரித்திரம் படிச்சவன். எனக்கென்ன தெரியும்? உங்கள நம்பித்தான் திரும்பிப் பாத்தேன். தலைய ஆட்டியிருந்தீங்கன்னா அந்த நிமிசமே கைடத் தூக்கிப் போட்டுருப்பேன். முதலாளிகிட்டயும் நானே பேசியிருப்பேன்" என்றார். சார் யாருக்குப் பயந்து இரண்டு பக்கமும் பேசினாரோ, அந்த மனிதர் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு காத்திருந்திருக்கிறார்.

மறுநாள் காலைக் கூட்டத்தில் சேதுபதி, தாம் சொன்னது தப்பு என்று மைக்கிலேயே சொன்னார். செல்லக்கனி விருதுநகர் போனாள். பரிசு வாங்கவில்லை, ஆனால் போனாள். ஜவுளிக்கடை முதலாளிதான் அவளுக்குப் பஸ் செலவு கொடுத்தார். தலைமையாசிரியரும் கிருபாபாயும் இடைவேளையில் சேர்ந்து டீ குடிக்க ஆரம்பித்தார்கள். சண்டை போட்டவர்களெல்லாம் ஒன்றாகிவிட்டார்கள். யாரோடும் சண்டை போடாத சார் மட்டும் தனியாக டீ குடித்தார்.

செல்லக்கனி ஒருநாள் வராந்தாவில் அவரை நிறுத்தி, "சார், அம்மோனியம் அசிட்டேட்டும் நடுநிலைங்காகளே டீச்சர், அதுல யாரும் பலசாலி இல்லையே?" என்று கேட்டாள். வெள்ளந்தியாகத்தான் கேட்டாள்.

சாருக்கு முகம் சுண்டிப்போயிற்று. "ஆமாம்மா. அதுல ரெண்டுமே ஒண்ணுக்கொண்ணு சமமான நோஞ்சான். அப்படியும் நடுநிலை உண்டு" என்றார். யாரும் நெருக்காமல், அவர் வகுப்புக்கு வெளியே நின்று தெளிவாகச் சொன்ன முதல் விடை அதுவாகத்தான் இருக்கும்.

சரி, இதைப் படித்து முடித்த நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? சார் செய்தது தப்பா, இல்லையா? "அவர் பக்கத்தையும் யோசிக்கணுமில்ல" என்று இழுக்கிறீர்களா? நானும் அப்படித்தான் எழுத உட்கார்ந்தேன். செத்த நேரம் பொறுங்கள். கொஞ்சம் நாக்கை நீட்டுங்கள், ஒரு தாளை வைத்துப் பார்த்துவிடுவோம். முதலில் நீங்கள் நீட்டுங்கள். நான் பொறவு நீட்டுகிறேன்.