கொடியில் தொங்கிய தாக்குதல் திட்டம்

இனிமேல் என் வீட்டில் ஆட்டத்தைத் தீர்மானிப்பவன் நானே என்று சென்ற நவம்பரில் ஒரு முடிவெடுத்தேன். கல்யாணமான பிறகு நான் எடுத்த முதல் முடிவு அது. பழக்கமில்லாததால் கொஞ்சம் சறுக்கிவிட்டது.

எல்லாவற்றுக்கும் காரணம் தர்சன். என் மனைவி புனிதமலரின் தமையன் மகன். அமெரிக்காவில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். அங்கே கால்பந்து என்று ஒன்று ஆடுகிறார்கள். காலுக்கும் அதற்கும் பெரிய சம்பந்தமில்லை. ஒருவன் பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடுவான், மற்றவர்கள் அவன் மேல் விழுவார்கள். ஒவ்வொரு தடவையும் எப்படித் தாக்குவது என்று பயிற்சியாளர் ஓரத்தில் நின்று தீர்மானிப்பார். எதிரணிக்கு விளங்காமல் இருக்கப் படம் போட்ட பலகைகளைத் தூக்கிக் காட்டுவார்கள். வாளி என்றால் இடப்பக்கம் ஓடு. கழுதை என்றால் தூர எறி. நாலு பலகையில் மூன்று பொய். உண்மைப் பலகையைத் தூக்குகிறவன் எங்கள் தர்சன்!

அந்தச் சனிக்கிழமை அவனுக்குக் கடைசி ஆட்டம். அதோடு படிப்பு முடிகிறது. அவன் முகத்தை ஒரு தடவையாவது ரிவியில் நிம்மதியாகப் பார்க்க ஆசைப்பட்டேன். நிம்மதியாக என்றால், புனிதமலர் பக்கத்தில் இல்லாமல். போன தடவை நடந்தது இது:

"ஏனப்பா எல்லாரும் அந்தப் பொடியனுக்கு மேலை விழுகினம்?"

"அவனிட்டைப் பந்து இருக்கு."

"அப்ப அதைக் குடுத்துவிடலாமே?"

நான் திரும்பிப் பார்ப்பதற்குள் தர்சன் திரையில் வந்து போய்விட்டான்.

ஆகவே இந்தச் சனி ஆட்டமே இல்லையென்று அவளிடம் சொல்லிவிட்டேன். எதிர்வீட்டுக் கிறிகோரியிடம் பெரிய ரிவி உண்டு. நாங்கள் குடியிருக்கும் அல்பெர்கேரியா என்ற பழைய நகரப் பகுதியில் எங்கள் ஒழுங்கை எவ்வளவு ஒடுக்கமென்றால், பல்கனியில் நின்றே மிளகாய்த்தூள் கைமாற்றலாம். போனில் திட்டம் போட முடியாது. என் போனை எனக்கு முதல் பார்ப்பவள் அவள். எனவே உடுப்புக் கொடியைப் பலகையாக்கினேன்.

நான் கட்டும் சிவப்புச் சாரம் தொங்கினால், பொலிதேயாமாப் பகுதியில் நான் வேலை செய்யும் வீட்டு எசமானி, அதாவது சிஞ்ஞோரா, அவசரமாகக் கூப்பிடுகிறார் என்று கிறிகோரி போன் எடுக்க வேண்டும். நீலத் துவாய் என்றால் அவனுக்கு முதுகு பிடித்துவிட்டது, நான் போய்த் தூக்க வேண்டும். இப்படியே முப்பத்திரண்டு ஆட்டம். தலையணை உறை தொங்கினால் பெரிய ஆபத்து: பிடிபட்டோம், யார் தட்டினாலும் கதவைத் திறக்காதே, நானே தட்டினாலும்!

பெருமை தாங்காமல் தர்சனிடம், இத்தனை சைகை வைத்தால் எப்படியென்று பொதுவாகக் கேட்டுப் பார்த்தேன்.

"கனக்க வைச்சா எங்கடை ஆக்கள்தான் குழம்புவினம், மாமா," என்றான். சின்னப் பொடியன், அனுபவம் காணாது என்று விட்டுவிட்டேன்.

புதன்கிழமை ஒத்திகை பார்த்தேன். சாரம், துவாய், சேட்டு எல்லாம் தொங்கின. கிறிகோரி மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"அண்ணை, சிஞ்ஞோராவுக்கு முதுகு பிடிச்சிட்டுதாம்! என்னை வந்து தூக்கட்டாம்!"

புனிதமலர் அவனுக்குத் தேத்தண்ணி கொடுத்தாள். பிறகு கொடியைத் தொட்டுப் பார்த்தாள்.

"காய்ஞ்ச உடுப்பை ஏனப்பா காயப்போட்டனீங்கள்?"

"காத்துப் படட்டும் எண்டு."

"ஓம், நல்லது."

அந்த 'ஓம்' என்னைப் பயப்படுத்தியிருக்க வேண்டும்.

சனி பின்னேரம் சாரத்தை மட்டும் தொங்கவிட்டேன். போன் அடித்தது. நான் முகத்தைத் தொங்கவிட்டேன்.

"சிஞ்ஞோரா கூப்பிடுறா."

"பாவம், வயது போன மனிசி. கெதியாப் போங்கோ."

இரண்டே பாய்ச்சலில் படியிறங்கி, ஒழுங்கையைக் கடந்து, கிறிகோரியின் கதவைத் தட்டினேன்.

"திறக்கமாட்டன், அண்ணை."

"நான்தான்ரா, லூர்து!"

"நீங்கள் தட்டினாலும் திறக்கக் கூடாது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். மேலை பாருங்கோ."

மேலே பார்த்தேன். சாரத்துக்குப் பக்கத்தில் தலையணை உறை. புனிதமலர் நிதானமாகக் கிளிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அப்போது போன் மறுபடி அடித்தது. இந்த முறை உண்மையான சிஞ்ஞோரா. நான் அலுமாரி நகர்த்த வருகிறேன் என்று என் மனைவி சொன்னாளாம். "பிராவோ, லூர்து, பிராவோ!" என்று பாராட்டினார்.

இரவுச் சாப்பாட்டு நேரம் வரை அந்த அலுமாரியோடு மல்லுக்கட்டினேன். அது கல்யாணச் சீதனமாக வந்ததாம். மூன்று மனிதர் உள்ளே குடியிருக்கலாம். முடிகிற நேரத்தில் புனிதமலர் போன் எடுத்தாள்.

"எங்கடை பக்கம் வெண்டிட்டுது. தர்சன்ரை முகம் ரிவியிலை எவ்வளவு பெரிசா வந்தது தெரியுமோ!"

அலுமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டேன். அழுகைதான்.

"நீர் எங்கை பார்த்தனீர்? கிறிகோரி கதவு திறக்கமாட்டானே!"

"அகஸ்ரீனா திறந்தவ. உங்கடை சட்டம் அவ புருசனுக்குத்தானே. கொடிக் கதையைப் புதனே எனக்குச் சொன்னவவும் அவதான்."

"தர்சன் என்ன படம் தூக்கினவன்?"

"தலையணை உறை. தங்கடை படமெல்லாம் எதிரிக்கு விளங்கிப்போச்சு எண்டு புதனிரவு கவலைப்பட்டவன். நான்தான் ஒண்டு சொல்லிக் குடுத்தனான். ஒரே தடவையிலை ஆறு புள்ளி!"

"எனக்கு எத்தினை ஆட்டம் வைச்சிருந்தனீர்?"

"ஒண்டுதான். முப்பத்திரண்டு உங்களிட்டையெல்லோ இருந்தது."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் உடுப்புக் காயப்போடுவது நான்தான். இப்போது எல்லாம் நல்ல ஈரமாகவே இருக்கின்றன, தோய்ப்பதும் நானே.