படிவம் பதினேழில் துருவுக்கு இடமில்லை

மண்ணுலகில் ஆக்சிஜன் என்னும் உயிர்வளி எப்போது காற்றில் சேர்ந்தது என்ற வினாவுக்கு அறிஞர்கள் இதுகாறும் தவறான விடையையே தந்துவந்திருக்கிறார்கள். இருநூற்று நாற்பது கோடி ஆண்டுகளுக்கு முன்பு என்கிறார்கள். பிழை. அது சேர்ந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து ஐம்பதுக்கு. அறிவியல் காட்சியக இயக்குநரின் மைத்துனர் பணிப்பொறுப்பேற்ற இருபதாவது நிமிடத்தில். காட்சியக வாயிலில் இதற்குக் கல்வெட்டுக்கு நிகரான சான்றே தொங்கியது. அச்சான்றின் கதிதான் இந்தக் கதை.

காட்சியகத்தின் மூன்றாம் கூடத்தில் ஆளுயரக் கண்ணாடித் தொட்டி ஒன்று, ஆதிக்கடலின் மாதிரியாக நின்றது. நீரில் இரும்பு கரைந்திருந்தது. மேலிருந்த காற்றில் உயிர்வளி துளியும் இல்லாதபடி நீக்கி, மூடி முத்திரையிட்டிருந்தார்கள். உள்ளே ஒரு கரண்டி நீலப்பச்சைப் பாசி. பாசி வெளிச்சத்தை வாங்கி உயிர்வளியை விட, அது மேலே சேர, மூடியிலுள்ள அளவுமானியின் முள் அசைய, அன்றே திறப்பு விழா என்பது ஏற்பாடு.

பாசியைப் பேண ஒப்பந்தத்தில் ஒரு பெண் இருந்தார். அவருடைய சொந்தப் பெயரைச் சம்பளப் பட்டியல் மட்டுமே அறியும். மற்றவர்களுக்கு அவர் பாசியம்மா. முள் அசைந்தால் வேலை நிரந்தரம் என்று அவருக்கு வாக்களித்திருந்தார்கள். பாசிக்கு ஞாயிறு கிடையாது என்பதால் அவருக்கும் கிடையாது. நாள்தோறும் படிவம் பதினேழில் இருந்த ஒரே கட்டத்தில், 'காற்றில் உயிர்வளி' என்பதற்கு எதிரே பூஜ்யம் போடுவார். குறிப்புக்கென விட்டிருந்த ஓரத்தில் பொடி எழுத்தில், "உயிர்வளி வருகிறது, இரும்பு வாங்கிக்கொள்கிறது, அடியில் துரு படிகிறது" என்று எழுதுவார்.

பதினெட்டாம் மாதம் முன்னேற்றக் கண்காணிப்புக் குழு கூடியது.

"ஏம்மா, ஒன்றரை வருஷமா பூஜ்யம்," என்றார் இயக்குநர். "உங்க பாசி வேலை செய்யுதா, இல்ல கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்குப் போயிடுதா?"

"செய்யுது சார். விடுற ஆக்சிஜனையெல்லாம் தண்ணியில இருக்கிற இரும்பு பிடிச்சுக்குது. அந்த இரும்பு தீர்ந்தாத்தான் மிச்சம் மேல வரும். அடியில பாருங்க, நாலு விரக்கடை துரு."

புள்ளிவிவர அதிகாரி பேனாவைத் திறந்தார். "இந்த இரும்பு எந்தப் பிரிவு?"

"பிரிவெல்லாம் இல்ல சார். வெறும் இரும்பு."

"யார் அனுமதியில வாங்குது?"

பாசியம்மா இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் கூரையைப் பார்த்தார்.

"துருவுக்கும் ஒரு கட்டம் போட்டுக் கொடுங்க சார். உழைப்பு தெரியும்."

"படிவம் பதினேழுல துருவுக்கு இடமில்லம்மா. படிவத்துல இடமில்லாதது ஆபீஸ்ல நடக்கக் கூடாது," என்று அறம் உரைத்தார் அதிகாரி.

இரும்பிடம் விளக்கம் கேட்பதென ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. அறிவிக்கை தொட்டியின் கண்ணாடியில் ஒட்டப்பட்டது. பதினைந்து நாள் அவகாசத்தில் இரும்பு பதிலளிக்கவில்லை. "மௌனம் சம்மதம்" என்று எழுதிக் கோப்பை முடித்தார்கள்.

பாசியம்மாவின் கணவர் காட்சியகத்துக்கு எதிரே வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். அன்று மாலை செய்தியைக் கேட்டதும் முகமூடியைக் கழற்றினார்.

"நாலு விரக்கடை துருவா? அடப்பாவிகளா! ஒரு கம்பி செவந்தாலே காத்துதான் தின்னுதுன்னு எனக்குத் தெரியுது. இத்தனை படிச்சவங்களுக்குத் தெரியலையா?"

"நீங்க குழுவுல இல்லையேங்க."

"இன்னும் எத்தனை நாளாகும்?"

"தண்ணி தெளிஞ்சிடுச்சு. இரும்பு தீர்ந்த மாதிரிதான். இந்த வாரம் முள்ளு அசையும், பாருங்க."

அசைந்தது. ஆனால் திங்கள் மாலையே ஒப்பந்தம் முடிந்ததென்று ஓலை நீட்டிவிட்டார்கள். 'தொட்டி ஒன்று, பாசி கொஞ்சம், உயிர்வளி பூஜ்யம்' என்று ஒப்படைப்புத் தாளில் கையெழுத்திட்டு அவர் வெளியேறினார். மறுநாள் பத்தரைக்கு மைத்துனர் வந்தமர்ந்தார். மின்விசிறியின் சுவிட்சை அவர் தேடிக்கொண்டிருக்கையில் முள் துள்ளியது.

இயக்குநர் ஓடி வந்தார். "மாப்ள, என்னடா பண்ணின?"

"ஒண்ணும் பண்ணல அத்தான்."

"அதுதாண்டா நிர்வாகம்!"

தொட்டியின் மூலையிலிருந்த கருஞ்சேற்றில், உயிர்வளி பட்டாலே மாளும் தொன்மையான நுண்ணுயிர்கள் வாழ்ந்துவந்தன. அவை வார இறுதிக்குள் மடிந்தன. 'விருப்ப ஓய்வு பெற்றன' என்று குழு பதிவு செய்து, நன்றியும் தெரிவித்தது.

வாயிலில் மாட்ட, மைத்துனரின் பெயரோடு, 'ஒரே நாளில் உயிர்வளி தந்தவர்' என்று பொறித்த கனத்த பலகை வந்தது. மாட்டுவதற்கு எதிர்ப் பட்டறைக்காரரையே அழைத்தார்கள். அவர் யாருடைய கணவர் என்று கேட்கப் படிவத்தில் கட்டமில்லை.

"பித்தளைத் திருகாணி வாங்கிக் கொடுங்க சார்," என்றார் அவர். "மழை படுற இடம். வெறும் இரும்பு ஆணி துருப்பிடிச்சுப் பலகை கீழ வந்துடும்."

"துருவா?" அதிகாரி சிரித்தார். "எங்க ஆபீஸ் ரெக்கார்டுல துருவே கிடையாதுப்பா. இரும்பையே போடு."

வெல்டர் இரும்பையே போட்டார்.

ஆதிக்கடல் பாசிகள் உலகெங்கும் விட்டுவைத்த காற்று, படிவம் படித்ததில்லை. மூன்றாம் மழைக்காலத்தில் ஒரு முற்பகல், ஆளில்லாமல் நின்ற இயக்குநரின் கார் மீது பலகை விழுந்தது. குழு கூடி ஆராய்ந்து, காரணம் துரு என்று கண்டறிந்தது.

"துரு எப்படி வந்துச்சு? இதுக்கு யார் பொறுப்பு?" என்று கர்ஜித்தார் இயக்குநர்.

அதிகாரி பழைய கோப்புகளைப் புரட்டினார். அலுவலக வரலாற்றில் துருவைப் பற்றி எழுதியவர் ஒரே ஒருவர். ஐந்நூற்று நாற்பது நாள், ஒருநாள் விடாமல், ஓரத்தில், பொடி எழுத்தில்.

பாசியம்மாவுக்குப் பதிவுத்தபாலில் குற்றச்சாட்டு வந்தது: 'தாங்கள் பணியிலிருந்த ஐந்நூற்று நாற்பது நாளும் இடைவிடாது உயிர்வளி உண்டாக்கி, அதனால் துரு விளைவித்தீர்கள் என்பது தங்கள் கையெழுத்தாலேயே ஐயத்துக்கிடமின்றி நிரூபணமாகிறது.' கீழே இயக்குநரின் கையொப்பம், முத்திரை.

அவர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு கண்ணாடிச் சட்டம் போட்டு, பட்டறைச் சுவரில் மாட்டச் சொன்னார். கணவர் பித்தளை ஆணியே போட்டார்.