பந்தலில் கிடந்த ஆற்றங்கரை

படித்தவர்கள் செய்கிற முட்டாள்தனத்துக்குத் தனி அழகு உண்டு. தக்க காரணங்களோடு செய்வார்கள். நான் பூகோள டீச்சர். ஆறு கரையை எப்படி அரிக்கும் என்று வருஷா வருஷம் போர்டில் படம் போட்டு விளக்கியவள். (அந்தப் படத்தில் என் வீடு இல்லை, அவ்வளவுதான்.)

தென்காசியில் எங்கள் வீட்டுக் கொல்லை சிற்றாற்றில் போய் முடியும். கொல்லைச் சுவருக்குக் கீழே தண்ணீர் வரைக்கும் சரிவாக ஒரு மணல் மேடு. மூத்தவளுக்கு ஆனியில் கல்யாணம் வைத்தோம். பந்தலுக்குள் புது ஆற்று மணல் பரப்புவது எங்கள் பக்கத்து வழக்கம். மற்றவர்கள் எங்கிருந்தோ வண்டியில் அள்ளி வருவார்கள். வீட்டடியிலேயே குவிந்து கிடக்கும்போது வண்டிக்காரனைக் கெஞ்சுவதற்கு நான் என்ன பைத்தியமா?

"வேண்டாம்ட்டி, அது அங்கனயே கிடக்கட்டும்" என்றார் என் வீட்டுக்காரர். அவர் எதையுமே அங்கனயே கிடக்கட்டும் என்பவர், கழற்றிப் போட்ட சட்டை உட்பட. ஆள் விட்டு மேட்டைச் சுரண்டி எடுத்தேன். பந்தலில் பாதம் புதைய மணல். தெருவே மெச்சியது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். கடற்கரை ஊரில் ஜவுளி வியாபாரம். சம்பந்திக்கு மெதுவாகப் பேசத் தெரியாது; அலைச் சத்தத்தை மிஞ்சிப் பழகிய தொண்டை. பந்தல் மணலைக் காலால் கிளறினார். கொல்லைக்குப் போய் எட்டிப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி, கரையையா அள்ளிப் போட்டிருக்கீய? எங்க ஊர்ல ஒரு கூடை அள்ளினாலே ஊர்க்கூட்டம் போட்டிருவோம். வருஷந்தோறும் ஓலைத் தட்டி கட்டி மணலைச் சேக்குதோம். மணல் கிடக்குத வரைக்குந்தான் கடல் நம்ம பேச்சைக் கேக்கும்."

"அது கடல், அண்ணாச்சி. இது சிற்றாறு. கணுக்கால்கூட நனையாது" என்றேன், ஆறாம் வகுப்புக்குப் பாடம் சொல்லும் குரலில். உப்புக் காற்றில் காய்ந்தவருக்கு ஆற்றைப் பற்றி என்ன தெரியும் என்று அடுக்களையில் வேறு சொல்லிச் சிரித்தேன்.

மத்தியானம் குற்றாலத்துக்குக் குளிக்கப் போன மாப்பிள்ளை வீட்டார் காய்ந்த தலையோடு திரும்பினார்கள்.

"அருவியில ஆளையே நிக்க விடல, அத்தை. தண்ணி செக்கச்செவேல்னு கொட்டுது" என்றார் மாப்பிள்ளை. நல்ல சீசன், நல்ல சகுனம் என்று சொல்லிக் காப்பி கொடுத்தேன்.

டம்ளர்களைத் திரும்ப வாங்குவதற்குள் அந்தத் தண்ணீர் எங்கள் கொல்லைக்கு வந்துவிட்டது. மணல் இல்லாத கரையை லபக் லபக்கென்று விழுங்கியது. முதலில் முருங்கை மரம். அப்புறம் கொல்லைச் சுவர். அப்புறம் கல்யாணச் சமையலுக்குப் போட்டிருந்த ஆக்குப்புரை, சாம்பார் அண்டாவோடு மரியாதையாக ஆற்றில் இறங்கியது. சமையல்காரர் கரண்டியோடு தப்பினார். அடுத்தது வீட்டின் பின்சுவர்தான். அதற்குள்ளே மகள் மருதாணிக் கையோடு உட்கார்ந்திருந்தாள்.

பூகோள டீச்சர் என்ன செய்தாள்? பந்தலில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தாள். கல்யாணமும் போச்சு, வீடும் போச்சு.

"எந்திரிங்க தங்கச்சி! மணல் மேலயே இருந்துக்கிட்டு அழுதா எப்படி? ஏலே, அரிசிச் சாக்கெல்லாம் காலி பண்ணுங்கலே!"

சம்பந்தி போட்ட சத்தத்தில் ஆறே ஒரு நிமிஷம் தயங்கியிருக்கும். மாப்பிள்ளை உட்பட அத்தனை பேரும் வேட்டியை மடித்துக் கட்டினார்கள். என் பந்தல் மணல் முழுதும் சாக்குச் சாக்காகப் போய்ப் பின்சுவருக்கு வெளியே அடுக்காக நின்றது. பொழுது சாயத் தண்ணீர் வடிந்தது. சுவரில் ஒரு விரிசல், அதோடு தப்பித்தோம். மறுநாள் வெறும் தரையில் தாலி கட்டினார்கள். விருந்து, அக்கம்பக்கத்தார் கிண்டிக் கொடுத்த உப்புமா.

இன்றைக்கும் சாரல் வலுத்தால் எழுந்து போய்ப் பின்சுவரைத் தொட்டுப் பார்ப்பேன். அது பரவாயில்லை. மகளைப் பார்க்கப் போகும்போதுதான் கஷ்டம். நான் ஊருக்குக் கிளம்பினால் சம்பந்தியம்மா வாசலில் நின்று கத்துவாள்:

"ஏட்டி, ஒங்க அம்மை மடியைச் சோதிச்சு பஸ் ஏத்துட்டி! மிச்ச கடக்கரையும் தென்காசிக்குப் போயிரப் போவுது."

எல்லாரும் சிரிப்பார்கள். நான் முறைப்பேன். முறைத்துக்கொண்டே காலில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டுத்தான் ஏறுவேன், அதுவும் கடல் பக்கமாகத் திரும்பி நின்று.