அக்காவின் தாலியும் என் மூன்று மணிச் செபமும்

புதிதாகப் பக்தி பிடித்தவனால் கடவுளுக்கு ஒரு தொல்லையுமில்லை, வீட்டுக்காரருக்குத்தான்.

ஒரு தியானத்துக்குப் போய்விட்டு வந்தவன், துறவிகளைப் போல நேரத்துக்கு நேரம் பைபிள் சங்கீதம் சொல்லிச் செபிக்கத் தொடங்கினேன். (வேலை பார்த்தது பெயின்ட் கடையில்.) நேரமானால் கைபேசியில் கோயில் மணி அடிக்கும். தொடங்கிய செபத்தை இடையில் நிறுத்தக்கூடாது என்று எனக்கு நானே சட்டமும் போட்டிருந்தேன்.

அக்காவின் கல்யாணம் மானிப்பாயில், பின்னேரம் நாலு மணிக்கு. தாலி யாழ்ப்பாணத்தில், நகை செய்யும் பத்தரிடம்.

"நேரை வா. எங்கையும் நிக்காதை" என்று சொல்லித்தான் அக்கா அனுப்பினார்.

தாலியோடு திரும்பும் வழியில் மூன்று மணிக்கு மணி அடித்தது. மோட்டார் சைக்கிளை வேலியோரம் விட்டு, வேப்பமர நிழலில் முழந்தாளிட்டுக் கண்ணை மூடினேன். தோட்டத்தில் நின்ற கந்தசாமி அண்ணையும் மனைவியும் (பெயர் பிறகுதான் தெரியவந்தது) ஓடிவந்தார்கள்.

"தம்பி, என்ன செய்யுது?"

சட்டம் சட்டம்தானே. கொஞ்சம் பொறுங்கள் என்று கையை ஆட்டினேன்.

"இஞ்சேரும், கை இழுக்குது. வலிப்புப் போலை. சாவிக்கொத்தைத் தாரும்."

என் கையில் இரும்புச் சாவிகளைத் திணித்தார். சங்கீதத்தை வேகமாக முணுமுணுத்தேன்.

"பிசத்துறானப்பா" என்றார் மனைவி.

தூக்கினார்கள். அப்போதும் நான் நிறுத்தவில்லை. ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது, ஓடும் ஆட்டோவில் இருவருக்கும் நடுவில் இருந்தேன்.

"எனக்கு ஒண்டுமில்லை அண்ணை. செபம் சொன்னனான்."

"ஓம், ஓம்" என்று தலையைத் தடவினார்.

"அக்காவின்ரை தாலி என்னட்டை இருக்கு. நாலு மணிக்குக் கல்யாணம்."

"இப்ப கல்யாணமாம்" என்று மனைவி ஆட்டோக்காரரிடம் குனிந்தார். "தம்பி, கெதியா விடும்."

ஆஸ்பத்திரியில் தாலியை எடுத்துக் காட்டிய பிறகுதான் டொக்டர் நம்பினார். கந்தசாமி அண்ணை நம்பவில்லை. தனியே விடக்கூடாதென்று இருவரும் கோயில்வரை கூடவே வந்தார்கள்.

மணப்பெண் கோலத்தில் அக்கா வாசலில் நின்றார்.

"எங்கையடா போனனி?"

"செபம் சொன்னனான்."

"உள்ளுக்கை போய்ப் பார். நீ வாறவரைக்கும் எண்டு சனமெல்லாத்தையும் ஃபாதர் செபமாலை சொல்ல வைச்சிருக்கிறார். மாப்பிள்ளை நித்திரை."

கல்யாணம் நடந்தது. கந்தசாமி அண்ணை முன்வரிசையில் இருந்து, மணமக்களைப் பாராமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்றும் சந்தையில் கண்டால் கேட்பார்: "தம்பி, மருந்து ஒழுங்கா எடுக்கிறீரோ?"

"ஓம் அண்ணை. காலமை, மத்தியானம், பின்னேரம்."

அதில் பொய் இல்லை. நான் செபப் புத்தகத்தோடு எழுந்தால், அக்காவின் பிள்ளைகள் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுச் சொல்வார்கள்: "மாமாவுக்கு மருந்து நேரம்."